தாட்பூட் பழமும் வாயில்லா ஜீவன்களும்

கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவுகளிலும் நீலகிரிப் பள்ளத்தாக்குகளிலும், காப்பித் தோட்டங்களைச் சுற்றியுள்ள வேலிகளின்மீது படர்ந்து, மூன்று மடலாகப் பிரிந்த பளபளப்பான இலைகளுக்கிடையே உருண்டையான ஊதாப் பழங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் ஒரு கொடியை, அந்தப் பக்கத்து மக்கள் தாட்பூட் என்று அழைக்கிறார்கள். இலங்கைத் தமிழர் அதையே கொடித்தோடை என்பார்கள். பட்டணத்துப் பழக்கடைகளில் அது பேஷன் புரூட் என்ற பெயரோடு விற்பனையாகிறது. பெயர் எதுவானாலும், புளிப்பும் இனிப்பும் கலந்த அதன் சாற்றையும், அறை முழுவதும் பரவும் அதன் வாசனையையும் ஒருமுறை அநுபவித்தவர் மறுமுறை அதை விரும்பாமல் இருப்பதில்லை.

இந்தக் கனி மனிதனுக்கு உகந்தது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வீட்டு வேலியில் இந்தக் கொடி இருக்குமானால், அதனோடு சம்பந்தப்படுகிறவன் மனிதன் மட்டும் அல்லன். சாறு எடுத்தபின் எஞ்சிய ஓடு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. வேலிக்கு வெளியே நீண்ட தளிரை, மேய்ச்சலுக்குப் போகும் ஆடு எட்டிப் பறிக்கிறது. இரவில் உதிர்ந்த பழத்தைக் காலையில் நாய் முகர்ந்து நக்குகிறது. கூண்டுப் பறவைக்குக் குழந்தைகள் ஒரு கரண்டி விழுதை ஊட்டுகிறார்கள். 'நாம் தின்பதை அவையும் தின்றால் என்ன?' என்பது அன்பினால் எழும் கேள்வி. ஆயினும், அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. கொடியின் எந்த உறுப்பு, அது எந்தப் பருவத்தில் உள்ளது, அதைத் தின்னும் பிராணியின் வயிறு எத்தகையது, தின்ற அளவு எவ்வளவு என்ற நான்கையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் சரியான விடை கிடைக்கும். அந்த ஆராய்ச்சியே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கொடியும் கனியும்

பாஸிப்ளோரா என்று தாவர சாஸ்திரிகள் வழங்கும் பேரினத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டத்து உஷ்ணப் பிரதேசங்களையே தாயகமாகக் கொண்டவை. நாம் உண்ணும் கனியைத் தருவது பாஸிப்ளோரா எடுலிஸ் என்ற இனம்; அதன் பிறப்பிடம் பிரேஸிலின் தென்பகுதியும், பராகுவே நாடும், அர்ஜென்டினாவின் வடபகுதியும் ஆகும். அதில் இரண்டு வகைகள் உண்டு. குளிர்ந்த மலைச்சரிவுகளை விரும்பும் ஊதாப் பழவகை ஒன்று. வெப்பமான தாழ்நிலங்களில் செழித்து, சற்றுப் பெரிய கனிகளைத் தரும் மஞ்சள் பழவகை மற்றொன்று. இந்தியாவில் மணிப்பூர், நாகாலாந்து, மிஜோரம் ஆகிய வடகிழக்கு மலைநாடுகளிலும், கேரளம், குடகு, நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளிலும் இது பயிராகிறது. குடகில் உள்ள செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விரு வகைகளையும் கலந்து 'காவேரி' என்ற கலப்பினத்தை உண்டாக்கியிருக்கிறார்கள்.

நன்கு பழுத்த ஊதாப் பழம் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்ப்போம். வெளியே சிறு வெண்புள்ளிகள் தெளித்த, விறைப்பான மேலோடு. அதற்கு அடுத்தாற்போல் பஞ்சு போன்று மெத்தென்றிருக்கும் வெண்ணிறத் தசை. அதன் உட்குழிவில், சுவரிலிருந்து புறப்படும் மெல்லிய காம்புகளில் ஒட்டிக்கொண்டு, ஆரஞ்சு நிறச் சாறு நிறைந்த பற்பல சிறு பைகள். ஒவ்வொரு பையின் நடுவிலும் கறுத்த, கடினமான, தட்டையான விதை ஒன்று இருக்கிறது. ஒரு பழத்தில் 250 விதைகள் வரை இருப்பதுண்டு. பழத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி ஓடாகவே போய்விடுகிறது. நாம் உண்பது சாற்றுப் பைகளையும் அவற்றோடு விதைகளையும் மட்டுமே.

விதையோடு கூடிய 100 கிராம் விழுதில் 10 கிராம் அளவுக்கு நார்ப்பொருளும், 11 கிராம் அளவுக்குச் சர்க்கரையும், 30 மில்லிகிராம் வைட்டமின் 'சி'யும், ஏறக்குறைய 350 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன. பழத்திற்குப் புளிப்பைத் தருவது எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக் அமிலந்தான். இத்தனை சத்துக்களும் பொருந்திய ஒரு கனியைப் பற்றி விஷம் என்ற பேச்சை எடுப்பது முதலில் வியப்பாகவே தோன்றும். ஆனால் கொடி என்பது கனி மட்டும் அன்று. கனியைச் சுற்றிலும் இலையும் தண்டும் தளிரும் பிஞ்சும் இருக்கின்றன. பிரகிருதி அவற்றை வேறு விதியின்கீழ் வைத்திருக்கிறது.

இலையில் உள்ள விஷம்

இந்த விஷத்தின் சரித்திரம் ஒரு சாயப்பொருளிலிருந்து தொடங்குகிறது. பிரஷ்ய நீலம் என்ற சாயப்பொருளைப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஸ்வீடன் தேசத்து ரசாயனியான ஷீலே, 1782-இல் அதிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். ஹைட்ரோசயனிக் அமிலம் என்றும் பிரஸ்ஸிக் அமிலம் என்றும் பெயர் பெற்ற அந்தப் பொருள், மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் போக்கவல்லது. கசப்புப் பாதாமை நசுக்கினால் எழும் வாசனையிலும் அதே விஷம் கலந்திருப்பது பின்னர்த் தெரியவந்தது. 1830-இல் ரோபிகே, பூத்ரோன் என்ற இரு பிரெஞ்சு ரசாயனிகள் கசப்புப் பாதாமிலிருந்து அமிக்டாலின் என்ற வெண்ணிறப் படிகப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1837-இல் ஜெர்மானியர்களான வோலரும் லீபிக்கும், அதே பருப்பில் அடங்கியிருக்கும் ஒரு நொதியானது அமிக்டாலினைச் சிதைக்கும்போதுதான் சர்க்கரையும், வாசனைத் தைலமும், பிரஸ்ஸிக் அமிலமும் தனித்தனியே வெளிப்படுகின்றன என்பதைக் காட்டினார்கள். தாட்பூட் கொடியின் இலையிலும் காயிலும் உள்ள விஷமூலங்களில் ஒன்றான புருனசின், அமிக்டாலினுக்கு மிக நெருங்கிய உறவுடையது. அமிக்டாலினிலிருந்து ஒரு சர்க்கரை மூலக்கூறை நீக்கிவிட்டால் எஞ்சுவது புருனசினே.

இங்கே கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. கொடியில் தழைத்துக்கொண்டிருக்கும் இலையில் விஷம் விஷமாக இருப்பதில்லை. அப்படி இருந்தால் அது இலையையே அல்லவா முதலில் கொன்றுவிடும்? சர்க்கரையோடு பிணைக்கப்பட்ட விஷமூலம் உயிரணுக்களின் உட்பைகளில் ஓரிடத்திலும், அதைப் பிரிக்கும் நொதி வேறோர் இடத்திலுமாக, ஒன்றையொன்று சந்திக்காமல் காக்கப்படுகின்றன. பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் தாம்பாளத்தில் அருகருகே இருக்கும்வரை தத்தம் நிறம் மாறாமல் இருந்து, வாயிலிட்டு மெல்லும்போதுதான் சிவப்பேறுவது போல, ஒரு பிராணியின் பல் இலையை அரைத்து உயிரணுக்களின் சுவர்களை உடைக்கும் கணத்திலேதான் விஷமூலமும் நொதியும் கலந்து ஹைட்ரோசயனிக் அமிலம் பிறக்கிறது. தன்னை மெல்லாதவனுக்குத் தீங்கு செய்யாமலும், மெல்பவனை அக்கணமே தண்டித்தும் இயங்கும் இந்த ஏற்பாடு, கண்ணும் காலும் இல்லாத தாவரத்தின் பாதுகாப்புக்கு எவ்வளவு பொருத்தமானது!

உடலுக்குள் நுழைந்த இந்த அமிலம், அதாவது சயனைடு, செய்யும் கேடு மிகவும் நுட்பமானது. நாம் சுவாசிக்கும் பிராணவாயு ரத்தத்தின் மூலம் ஒவ்வோர் உயிரணுவுக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் என்ற இரும்புச் சத்துள்ள நொதியின் உதவியால் பயன்படுத்தப்படுகிறது. சயனைடு அந்த இரும்போடு போய் ஒட்டிக்கொள்ளுகிறது. அதனால் ரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும் உயிரணுக்கள் அதை உபயோகிக்க முடியாமல் தவிக்கின்றன. இவ்வாறு பயன்படாமல் திரும்பும் பிராணவாயுவின் காரணமாக, கருஞ்சிவப்பாக இருக்கவேண்டிய சிரை ரத்தமும் பளிச்சென்ற செந்நிறமாக இருக்கும். ஈறும் கண்ணின் உட்சவ்வும் வழக்கத்திற்கு மாறாகச் சிவந்திருப்பதைக் கண்டு கால்நடை வைத்தியர் இந்த விஷத்தைச் சந்தேகிப்பது இதனாலேதான்.

ஆயினும் பிராணிகளின் உடலும் தற்காப்பு இல்லாததன்று. கல்லீரலில் உள்ள ரோடனேஸ் என்ற நொதி, சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட் என்ற, அவ்வளவு கொடுமையில்லாத பொருளாக மாற்றி, மூத்திரத்தின் வழியாக வெளியேற்றிவிடுகிறது. ஆகவே, சிறிது சிறிதாக, நாள் முழுவதும் பரவி உட்கொள்ளப்படும் சயனைடை உடல் சமாளித்துக்கொள்ளும். அதே அளவு சயனைடு சில நிமிஷங்களில் உள்ளே போகுமானால், கல்லீரலின் வேகம் விஷத்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்க மாட்டாது. எவ்வளவு தின்றது என்பதோடு எவ்வளவு விரைவில் தின்றது என்பதையும் நாம் கேட்கவேண்டியிருக்கிறது. நெடுங்காலம் சிறிது சிறிதாகச் சேருவதும் முற்றிலும் தீங்கற்றதன்று. தயோசயனேட், தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுத்து, கழலை நோய்க்கு இடம் கொடுக்கக்கூடியது.

கனிந்தபின் நேரும் மாறுதல்

கொடியின் எந்த உறுப்பில் எவ்வளவு விஷமூலம் இருக்கிறது? அமெரிக்காவில் ஸ்பென்சர், ஸீக்ளர் என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட முடிவுகள் மிகவும் பயனுடையவை. அவர்கள் பரிசோதித்த எல்லா உறுப்புகளிலும் விஷமூலம் இருந்தது. காயின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக அவர்கள் ஆராய்ந்தபோது, இளம் பிஞ்சில் அது மிகுதியாகவும், காய் முதிர முதிரக் குறைந்தும், தானாகவே உதிர்ந்து தோல் சுருங்கிய பழத்தில் எல்லாவற்றிலும் குறைவாகவும் இருப்பதைக் கண்டார்கள். சுருங்கிய பழத்தை அழுகல் என்று எண்ணி ஒதுக்குகிறவர்கள் உண்டு. உண்மையில் அதுவே இனிப்பு மிகுந்ததும், விஷமூலம் பற்றிய கவலைக்கு இடம் தராததும் ஆகும். கொடியிலிருந்து காயைப் பறிக்காமல், கீழே உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கிச் சேர்க்கும் வழக்கம் விவசாயிகளிடம் இருக்கிறதே, அது சுவையை நாடி எழுந்த வழக்கமாயினும் ஆரோக்கியத்திற்கும் உகந்ததாகவே அமைந்துவிட்டது.

ஒரே கொடி தன் பிஞ்சைக் காப்பதும் கனியை வழங்குவதும் ஏன்? விதை முற்றுவதற்கு முன் காயைத் தின்றுவிடும் பிராணி அந்தக் கொடியின் சந்ததியை அழிக்கிறது. விதை முற்றியபின் கனியைத் தின்னும் பிராணியோ, விதைகளைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டு போய்த் தூரத்தில் விதைக்கிறது. முன்னதைத் துரத்துவதும் பின்னதை வரவேற்பதும் கொடிக்கு நன்மை. பல தலைமுறைகளாக இயற்கைத் தேர்வு இந்த நன்மையைப் பற்றிக்கொண்டு வேலை செய்ததன் பயனாக, காய் கனியும்போது விஷமூலம் குறைந்து, சர்க்கரையும் நிறமும் மணமும் கூடுகின்றன. ஆகவே அந்த நிறமும் மணமும் பிராணிகளுக்கு விடுக்கப்படும் அழைப்பு. பச்சை நிறமும் கைப்பும் எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கையையும் மீறி வாழக் கற்றுக்கொண்ட ஜீவன்கள் உண்டு. தென் அமெரிக்கக் காடுகளில் ஹெலிகோனியஸ் என்ற அழகிய வண்ணத்துப்பூச்சிப் பேரினம், தன் புழுப்பருவம் முழுவதையும் பாஸிப்ளோரா இலைகளைத் தின்றே கழிக்கிறது. இவற்றில் பல இனங்கள் இலையிலுள்ள விஷமூலத்தைத் தம் உடலில் சேமித்துக்கொள்வதோடு, தாமே புதிதாக விஷமூலத்தை உற்பத்தி செய்துகொண்டு, பறவைகளுக்கு உண்ணத் தகாதவையாக ஆகிவிடுகின்றன. கொடியும் வாளா இருக்கவில்லை. சில இனக் கொடிகளின் இலையில் சிறு மஞ்சள் புடைப்புகள் தோன்றுகின்றன. அவை பார்ப்பதற்கு அந்த வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளையே ஒத்திருக்கின்றன. முதலில் பொரிந்த புழு மற்ற முட்டைகளைத் தின்றுவிடும் சுபாவமுடையதாதலால், முட்டை இருக்கும் இலையில் தாய்ப்பூச்சி மறுபடி முட்டையிடத் தயங்குகிறது. போலி முட்டைகளைக் கண்டும் அவ்வாறே தயங்கி விலகிச் செல்லுகிறது. இதைக் கேத்தி வில்லியம்ஸ், லாரன்ஸ் கில்பர்ட் என்ற இருவர் பரிசோதனை மூலம் நிரூபித்து 1981-இல் வெளியிட்டார்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய காட்சிகளைக் காணலாம். சாலையோர வேலிகளில் தானாகப் படர்ந்திருக்கும் சிறுபூனைக்காலி, தாட்பூட்டின் பேரினத்தைச் சேர்ந்ததே. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து நம் மண்ணில் நிலைத்துவிட்ட கொடிதான். அதன் காயைச் சுற்றிலும், கிளைத்துக் கிளைத்துப் பிரிந்த பச்சை இழைகளாலான ஒரு வலை போர்த்தியிருக்கும். அந்த இழைகளின் நுனிதோறும் உருண்டையான சிறு சுரப்பிகள் உள்ளன. விரலால் தொட்டால் பசையாக ஒட்டும், ஒருவகை நெடியும் வீசும். கூர்ந்து பார்த்தால், எறும்பும் கொசுவும் அதில் அகப்பட்டு இறந்து கிடப்பதைக் காணலாம். இந்திய விஞ்ஞானிகள் 1995-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், இந்த வலை பூவையும் காயையும் பூச்சிகளிடமிருந்து காப்பதோடு, அகப்பட்ட பூச்சிகளைச் செரிக்கும் நொதிகளையும் சுரக்கிறது என்று அறிவித்தார்கள். மஞ்சளாகப் பழுத்த அதன் சிறு கனியைக் கிராமத்துப் பிள்ளைகள் பறித்து உண்கிறார்கள். பச்சைக் காயும் இலையுமோ சயனைடு உடையவை. அண்ணனுக்குள்ள குணமே தம்பிக்கும் இருக்கிறது.

கனியின் அழைப்பை ஏற்றுக்கொண்ட பிராணிகள் எவ்வளவு ஊக்கத்தோடு அதைப் பரப்புகின்றன என்பதற்கு ஹவாய்த் தீவுகள் சாட்சி. ஆண்டிஸ் மலையைச் சேர்ந்ததும், வாழைப்பழம் போல் நீண்ட கனிகளைத் தருவதுமான ஒரு பாஸிப்ளோரா இனம் அங்கே கொண்டுவரப்பட்டது. காட்டுப் பன்றிகள் அதன் கனிகளை ஆவலோடு தின்று, விதைகளைச் சாணத்தோடு காடெங்கும் பரப்பின. இன்று அந்தத் தீவுகளின் பூர்விக மரங்களை மூடி அழிக்கும் பெருங்களையாக அக்கொடி ஆகிவிட்டது. கனிந்த பழம் பிராணிகளுக்குப் பொதுவாக ஏற்றதே என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

வயிறுகளின் வேற்றுமை

இனி, தின்பவரின் வயிற்றைப் பார்ப்போம். நாய், பூனை, பன்றி, மனிதன் ஆகியோருக்கு ஒரே அறையுள்ள வயிறு. அதில் சுரக்கும் கடுமையான அமிலம், மென்ற இலையோடு சேர்ந்து வந்த நொதியைப் பெரும்பாலும் செயலறச் செய்துவிடுகிறது. எனவே விஷமூலம் சிதைவது மெதுவாகிறது. மாடும் ஆடும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறை, பெரிய பசுவில் 100 லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடிய ஒரு பெருந்தொட்டி. அமிலம் சுரக்காத அந்த வெதுவெதுப்பான இடத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்ந்து, வைக்கோலையும் புல்லையும் சிதைத்து ஆகாரமாக்கித் தருகின்றன. புல்லைச் சிதைக்கும் அதே நுண்ணுயிர்கள் விஷமூலத்தையும் விரைவாகச் சிதைத்துவிடுகின்றன. வைக்கோலில் உயிர்வாழும் வல்லமையைப் பசுவுக்கு அளித்த உறுப்பே, சயனைடு விஷயத்தில் அதன் பலவீனமாகவும் இருக்கிறது. ஆதலால், இலையைத் தின்னும் பிராணிகளில் மாடும் ஆடுமே மற்றவற்றைவிட அதிகமாக ஆபத்துக்கு உள்ளாகின்றன.

இந்த உண்மையை நம் விவசாயிகள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இளஞ்சோளப் பயிரில் மாடு வாய்வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், மழையின்றி வாடிய சோளத்திலும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் மேய்ந்த மாடு வயிறு உப்பும் முன்பே விழுந்து இறக்கக்கூடும் என்பதும், முற்றிக் காய்ந்த சோளத்தட்டு ஆண்டு முழுவதும் போடத் தக்க தீவனம் என்பதும் அவர்கள் அநுபவத்தில் அறிந்தவை. எகிப்தில் விளைந்த சோளப் பயிரைப் பரிசோதித்து, டன்ஸ்டன், ஹென்றி என்ற ஆங்கில ரசாயனிகள் 1902-இல் அதன் விஷமூலத்தைப் பிரித்தறிந்து டுரின் என்று பெயரிட்டபோது, உழவர்களின் அநுபவத்திற்குக் காரணம் கிடைத்தது. மரவள்ளி பயிராகும் ஊர்களில் அதன் பச்சை இலையை ஆடு மேய்ந்து இறப்பதும் இதே வகைதான். சோளம், மரவள்ளி, தாட்பூட் ஆகிய மூன்றும் குடும்பத்தால் வேறுவேறாயினும் ஆயுதத்தால் ஒன்றே.

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. மாடு, ஆடுகளுக்கு உடலெடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 2 மில்லிகிராம் ஹைட்ரோசயனிக் அமிலம் உயிருக்கு ஆபத்தானது. 20 கிலோ எடையுள்ள வெள்ளாட்டுக்கு அது 40 மில்லிகிராம். 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு 600 மில்லிகிராம். ஒரு கிலோ பச்சைத் தீவனத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு வெளிப்படுமானால் அதை ஆபத்தானது என்று கால்நடை வைத்தியர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். அந்த அளவுள்ள தழை எதுவாயினும், 200 கிராம் தின்றாலே சிறு வெள்ளாட்டின் உயிருக்கு ஆபத்து வந்துவிடும். வேலியில் தொங்கும் தளிர்களைப் பசியோடு வந்த ஆடு அந்த அளவு தின்னச் சில நிமிஷங்கள் போதும். எல்லாத் தாட்பூட் இலைகளிலும் விஷமூலம் ஒரே அளவாக இருப்பதில்லை. வகைக்கு வகை, பருவத்திற்குப் பருவம் மாறுபடும். கண்ணால் பார்த்து அளவைச் சொல்ல முடியாத காரணத்தினாலேயே, தழையை முற்றிலும் விலக்குவது புத்திசாலித்தனம்.

விஷம் ஏறிய பிராணிக்கு மூச்சு வேகமாக வாங்கும், எச்சில் வழியும், தசைகள் நடுங்கும், தள்ளாடி நடந்து விழுந்து கால்களை உதைத்துக்கொள்ளும். சில வேளைகளில் சில நிமிஷங்களிலேயே முடிவு வந்துவிடும். மாற்று மருந்து இல்லாமல் இல்லை. கால்நடை வைத்தியர், சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்ற மருந்துகளை ரத்தக்குழாயில் செலுத்தி உயிரைக் காப்பாற்ற முடியும். தயோசல்பேட், கல்லீரல் நொதிக்கு வேண்டிய கந்தகத்தை அளித்து அதன் வேலையை விரைவுபடுத்துகிறது. காலம் மிகக் குறுகியதாதலால், கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காமல், பிராணியை ஓட்டி அலைக்கழிக்காமல், உடனே வைத்தியரை அழைப்பதே செய்யத் தக்கது.

எந்தப் பிராணிக்கு எது

மாடு ஆடுகளுக்குப் பச்சை இலை, தளிர், கவாத்து செய்த கொடி, உதிர்ந்த பிஞ்சு ஆகியவை கூடா. ஓட்டின் விஷயம் வேறு. பழச்சாற்றுத் தொழிற்சாலைகளில் மலைபோல் குவியும் ஓட்டை வீணாக்காமல், ஹவாயில் அதை நறுக்கி உலர்த்தி, வெல்லப்பாகோடு கலந்து மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாக்கினார்கள். தாட்பூட் மிகுதியாக விளையும் பிரேஸிலிலும் உலர்ந்த ஓட்டைத் தீவனத்தில் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். இதில் அடங்கிய சாஸ்திரம் எளியது. ஹைட்ரோசயனிக் அமிலம் 26 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள். கனிந்த பழத்தின் ஓட்டில் எஞ்சியிருக்கும் சிறிதளவும், ஓட்டைத் துண்டு துண்டாக நறுக்கும்போது வெளிப்பட்டு, வெயிலில் பரப்பினால் காற்றோடு போய்விடுகிறது. எனவே வீட்டில் மிஞ்சும் கனிந்த பழத்தின் ஓட்டை நறுக்கி, வெயிலில் நன்றாக உலர்த்தி, மற்றத் தீவனத்தோடு சிறிதளவு கலந்து கொடுப்பதில் குற்றமில்லை. பூஞ்சணம் பூத்த ஓட்டையும், பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து ஓட்டையும் கொடுக்கலாகாது.

நாய்க்குக் கனிந்த பழத்தின் விழுதை ஒரு கரண்டி அளவு கொடுப்பதால் தீங்கில்லை. அதற்குமேல் கொடுத்தால் புளிப்பும் நாரும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும். ஓட்டை மட்டும் அதற்கு எட்டாதபடி விலக்கிவைக்க வேண்டும். நாய் எதையும் சரியாக மெல்லாமல் விழுங்கும் சுபாவமுடையதாதலால், விறைப்பான ஓட்டுத் துண்டு குடலில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. சர்க்கரை சேர்த்த சாறும், புட்டியில் அடைத்த பானமும் நாய்க்குரிய ஆகாரங்கள் அல்ல. பூனையோ பிறவியிலேயே மாமிச பட்சிணி; இனிப்பை உணரும் சுவையுறுப்பின் ஒரு பகுதியை உண்டாக்கும் ஜீன் பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பழம் ஊட்ட முயலுவதில் பயன் ஒன்றும் இல்லை. முயலின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களைச் சர்க்கரை மிகுந்த ஆகாரம் குலைத்துவிடும். அதற்குப் புல்லே பிரதானம், பழம் நுனிவிரல் அளவே. பழந்தின்னும் பறவைகளுக்கு விழுதையும் விதையையும் சிறிதளவு கொடுக்கலாம். அவை அதை விருப்பத்தோடு உண்ணும்.

மனிதக் குழந்தைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். கனிந்த பழத்தை வேண்டிய மட்டும் உண்ணலாம். விதையை விழுங்கினாலும் அது கடந்து போய்விடும். வேலியில் தொங்கும் பச்சைக் காய்களைப் பறித்துக் கடிப்பது கூடாது என்பதை அவர்களுக்குச் சொல்லி வைப்பது பெரியவர்களின் கடமை.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், ஒரு தாவரத்தை விஷம் என்றோ அமுதம் என்றோ முத்திரை குத்துவது எவ்வளவு அவசரமான காரியம் என்பது விளங்கும். தாட்பூட் கொடியை வேலியிலிருந்து வெட்டியெறிய வேண்டிய அவசியம் இல்லை. அதை அறிந்து வளர்க்கவேண்டிய அவசியமே உண்டு. கொடி வளர்ப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: ஆடுமாடு எட்டாத உயரத்தில் பந்தல் போடுங்கள்; கவாத்து செய்த தழையைத் தொழுவத்தின் பக்கம் போடாமல் குழியில் இட்டு மூடுங்கள்; பிஞ்சுகள் உதிர்ந்திருந்தால் அன்றன்றே பெருக்கி அகற்றுங்கள்; தானாக உதிர்ந்த கனியை மட்டும் உண்ணுங்கள், உங்கள் பிராணிகளுக்கும் அதன் விழுதை அளவறிந்து கொடுங்கள். தனக்கு எது ஆகும், எது ஆகாது என்று வாய்விட்டுக் கேட்க முடியாத ஜீவன்களை வளர்க்கிறவர்கள், அவற்றின் சார்பில் அந்தக் கேள்வியைத் தாமே கேட்டு, விடையைத் தெரிந்துகொண்டு நடப்பதுதான் ஜீவகாருண்யத்தின் முதல் படி.